அம்மா வராத புத்தகங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் காது மிஷின் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறதா? மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? இதையே போனில் கேட்டால், “என்னது, சட்டியா?” என்பாய். அதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

உன் வேலை சம்பந்தமாக ஓர் உதவி வேண்டும். போன வாரம் சுண்டுவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முழங்கால் உயர நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னார்: “எழுத்தெல்லாம் தெரியுது சார். எழுதச் சொன்னா அழகா எழுதறா. வாயைத் திறந்து படின்னா மட்டும் சுவரைப் பார்த்துட்டு நிக்கறா. மத்த பிள்ளைங்க எல்லாம் ஒரு பக்கம் படிக்க ஆரம்பிச்சாச்சு.”

வீட்டில் நானும் முயன்று பார்த்தேன். பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தையே தாண்ட மாட்டேன் என்கிறாள். அதட்டினேன், கெஞ்சினேன், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னேன். ஐஸ்கிரீமை மட்டும் சாப்பிட்டாள்.

நீ முப்பது வருடமாக நூலகத்தில் சிறுவர் பிரிவில் இருப்பவள். ஆறு வயதுக்காரி படிக்கிற மாதிரி நாலைந்து புத்தகம் பார்த்து அனுப்பேன். பெரிய எழுத்தாக இருக்கட்டும். இன்னொன்று, அம்மா வருகிற கதை வேண்டாம். யானை, பஸ், மழை என்று எதுவானாலும் சரி.

எனக்கு வேலை அதிகம். மருத்துவமனைக் கட்டடத்தில் நாலு லிஃப்டையும் மாற்றுகிறோம். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் தம்பி

*

பிப்ரவரி 13

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமாவின் முட்டி மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு வலிக்கிறது, கடைக்குப் போகச் சொன்னால் ரொம்ப வலிக்கிறது. என் காது மிஷின் பரவாயில்லை. நூலகத்தில் சத்தம் போட்டுப் பேச உரிமை உள்ள ஒரே ஆள் இப்போதும் நான்தான்.

“அம்மா வருகிற கதை வேண்டாம்” என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். அது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? எங்கள் கீழ்த்தட்டில் முந்நூறு படப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கோழிக்குஞ்சு தொலைந்து போகிறது, கன்றுக்குட்டி தொலைந்து போகிறது, மீன்குஞ்சுகூடத் தொலைந்து போகிறது. எல்லாக் குட்டியும் கடைசிப் பக்கத்தில் அம்மாவிடம்தான் போய்ச் சேருகிறது. எழுத்துப் புத்தகத்தை எடுத்தால் முதல் எழுத்தே அம்மாதான்! அரை நாள் தேடி, அ-வுக்கு அணில் போட்ட ஒன்றைப் பிடித்தேன். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று எழுதவில்லையே?

நாலு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். சுண்டு எதை முதலில் எடுக்கிறாளோ அதுதான் முதல் புத்தகம், நீ நீட்டாதே. ஒரு பக்கத்தில் ஐந்து வார்த்தைக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு அவளுக்கு இல்லை, பேசாமல் மூடி வை. படத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னால் திருட்டு என்று நினைக்காதே, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். படித்து முடித்ததும், “என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று மட்டும் கேட்டுவிடாதே. அந்தக் கேள்வியால்தான் பாதிப் பிள்ளைகள் புத்தகத்தை விட்டு ஓடுகிறார்கள்.

சுண்டுவின் அம்மா எப்படி இருக்கிறாள்? போன வருடம் அப்படி ஆனபின் ஒரு பத்து நாள் வந்து கூட இருந்தேன், அவ்வளவுதான். எட்டு மாதம் சுமந்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். சரியாகச் சாப்பிடுகிறாளா? நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

பி.கு: சுண்டுவுக்குத் தனிச் சீட்டு வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவளிடமே கொடு.

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம் என்று நினைக்கிறேன்.

பார்சல் வந்தது. நீ சொன்னபடி தரையில் பரப்பிவிட்டு, நான் எதையோ கழற்றிப் பூட்டுவது போல் பாவனை செய்துகொண்டிருந்தேன். சுண்டு வெகுநேரம் அட்டைகளை மட்டும் பார்த்தாள். அப்புறம் பஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து “டுர்ர்ர்” என்று சத்தம். பிறகு “ட-ட-டக்”. பிறகு “நில்! ஏறு! போ!” வாசித்துக்கொண்டிருக்கிறாள் அக்கா! ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தப் பஸ் ஓடுகிறது. நான் வேலை முடித்து வரும்வரை கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம்தான் சுண்டு இருக்கிறாள். அவர் மிஷினை நிறுத்திவிட்டு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறதாம். “உங்க பொண்ணால எனக்கு ரெண்டு ரவிக்கை பாக்கி நிக்குது” என்றார்.

குடைப் புத்தகம் தேறவில்லை. கதை நன்றாகத்தான் போனது. கடைசிப் பக்கத்தில் “ஆகவே குழந்தைகளே” என்று ஆரம்பித்தது. சுண்டு நிமிர்ந்து, “யாருப்பா பேசறது?” என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

உன் சீட்டையும் அவளே எழுத்துக்கூட்டினாள். உன் கையெழுத்துதான் அச்சடித்தாற்போல் குண்டு குண்டாக இருக்கிறதே. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள்.

இன்னும் நாலு அனுப்பு. முன்பு சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

உன் தம்பி

*

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

நலமே. உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவரே “டுர்ர்ர்” என்றார்.

குடைப் புத்தகத்துக்கு நான்தான் பொறுப்பு. கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். “ஆகவே குழந்தைகளே” என்று முடிகிற புத்தகங்களை எங்கள் அலமாரியில் மேல்தட்டில்தான் வைப்பேன், பிள்ளைகளுக்கு எட்டாது.

இந்தத் தடவை ஐந்து. ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி வருகிறது, ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். தெரிந்த வரி தூரத்தில் வருவதைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெம்பு. எறும்பு யானையை அளக்கிற கதை எனக்கே பிடிக்கும். படுக்கும் முன் சுண்டுவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு புத்தகம் படிக்கும்படி அவள் அம்மாவிடம் சொல். டீச்சர் பத்து நாளில் செய்வதை மடி இரண்டு நாளில் செய்துவிடும்.

சுண்டுவின் அம்மாவைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் போல. இப்போதும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாள்?

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மருத்துவமனையில் மூன்றாவது லிஃப்டின் மோட்டார் தகராறு செய்கிறது. காலையில் சுண்டுவைக் கிளப்பி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டு ஓடினால் மாலைதான் திரும்புகிறேன். பின்னல் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கிறது. தையல்காரம்மா அவிழ்த்துத் திரும்பப் போட்டு விடுகிறார்.

எறும்பு நன்றாகப் போகிறது. வாசற்கதவில் யானை வரைந்து, அடியில் “அளவு தெரியாது” என்று எழுதியிருக்கிறாள். வீட்டுக்காரர் பார்த்தால் எனக்கு அளவு தெரிந்துவிடும்.

அக்கா, அந்த ஐந்தில் கோழிக்குஞ்சுக் கதை ஒன்று இருந்தது. பார்க்காமல் வந்துவிட்டது போலிருக்கிறது. சுண்டு நன்றாகத்தான் படித்துக்கொண்டு போனாள். கடைசிப் பக்கத்தில் குஞ்சு அம்மாவின் இறக்கைக்குள் புகுந்துகொள்கிறது. அந்தப் பக்கத்தில் நின்றாள். புத்தகத்தை மூடினாள். நாற்காலி போட்டு ஏறி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு வந்து, பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. இரண்டு நாள் எதுவும் படிக்கவில்லை.

இனிமேல் ஒழுங்காகப் பார்த்து அனுப்பு.

உன் தம்பி

*

ஏப்ரல் 15

அன்புத் தம்பிக்கு,

கோழிக்குஞ்சு பார்க்காமல் வரவில்லை. நான்தான் தெரிந்தே வைத்தேன். நீ ஏதோ கிறுக்குப் பிடித்துச் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டேன். பிள்ளையை நோகடித்தது என் தப்பு. அவளிடம் நானே மன்னிப்புக் கேட்பேன், இத்துடன் அவளுக்கு வேறு புத்தகங்கள் வைத்திருக்கிறேன்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். சுண்டுவின் அம்மா வீட்டில் இல்லை. அப்படித்தானே? நீ பின்னல் போடுகிறாய். பிள்ளை கீழ்வீட்டில் இருக்கிறாள். நான் இரண்டு முறை கேட்டும் நீ வாய் திறக்கவில்லை. அவள் தானாகப் போகிறவள் இல்லை. நீ என்ன சொன்னாய்?

பதில் எழுது.

அக்கா

*

மே 20

தம்பி,

புத்தகம் சேர்ந்ததா? கடிதம் சேர்ந்ததா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் செய்தேன். நீ பேசியது காதில் விழவில்லை, அல்லது நீ எதுவும் பேசவில்லை. கோபம் இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஒரு கார்டு போடு. மாமா தினமும் தபால்காரரைப் பார்க்கக் கீழே இறங்குகிறார், முட்டியோடு.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை மாடியிலேயே இருக்கச் சொல். கோபம் இல்லை. எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதம் என் கைக்கு வரும் முன்பே சுண்டு கைக்குப் போய்விட்டது. பார்சலைத் தையல்காரம்மா வாங்கி வைத்திருந்தார். சுண்டு பிரித்திருக்கிறாள். தனக்கு வந்த சீட்டு என்று நினைத்துக் கடிதத்தையும் எடுத்திருக்கிறாள். நான் போனபோது துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா பெருமையாக, “பாருங்க, இப்ப கடுதாசியே படிக்கறா” என்றார்.

சுண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, “நீ என்னப்பா சொன்னே?” என்றாள்.

நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். “பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டே கதவை நெம்புவேன். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். குழந்தை போன பிறகு சுண்டுவின் அம்மா ராத்திரி பகல் தெரியாமல் அந்தச் சின்னத் துணிகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் ஒரு நாள் நான் வேலை முடித்து வருகிறேன். சுண்டு சாப்பிடாமல் தூங்கிப்போயிருக்கிறாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “இருக்கிற பிள்ளையைப் பாக்கத் துப்பில்ல, போனதுக்கு அழுதுட்டு உக்காந்திருக்கே” என்று சொல்லிவிட்டேன். அவள் சத்தம் போடவில்லை. “அப்ப இருக்கிறதை நீங்களே பாருங்க” என்றாள். மறுநாள் காலையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் தடவை செய்ய எனக்கு முகம் இல்லை. சுண்டுவிடம், “அம்மா ரெஸ்ட் எடுக்கப் போயிருக்காங்க” என்று சொல்லி வைத்திருந்தேன்.

இதெல்லாம் அன்று சுண்டுவிடம் சொன்னேன், அவளுக்குப் புரிகிற வார்த்தையில். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “எனக்குத் தெரியும். நான் தூங்கல. சும்மா கண்ணை மூடிட்டு இருந்தேன்” என்றாள்.

பிறகு, “இருக்கிற பிள்ளைன்னா நான்தானே? நான் சாப்பிடாததாலதானே அம்மா போனாங்க?” என்றாள்.

அக்கா, ஐந்து மாதமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் பாடப் புத்தகத்தில் ‘அம்மா’ என்று ஆரம்பிக்கிற அந்த முதல் பக்கத்தைத் தாண்ட முடியாமல் நின்றிருக்கிறாள். நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“உன்னால இல்ல. அப்பா வாய்தான் காரணம்” என்றேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. நம்பினாளா என்றும் தெரியாது.

அடுத்து என்ன செய்ய? எழுது.

உன் தம்பி

*

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நூலகத்துக்குப் போகவில்லை. உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். நீயே திட்டிக்கொண்டுவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

என் பங்குக்கும் தலைகுனிவுதான். முப்பது வருடமாக இந்தப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறவள். வாசிக்கத் தெரிந்துவிட்ட பிள்ளை எதை வாசிக்கும் என்பது நம் கையில் இல்லை என்பதை மட்டும் மறந்துபோனேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சுண்டுவின் அம்மாவுக்கு எழுது. போன் வேண்டாம், நேரில் போய் நிற்கவும் வேண்டாம். நீ சொன்னது தப்பு என்று எழுது. “ஆனால்” என்ற வார்த்தை வரக்கூடாது. வேலைப் பளு, களைப்பு, பசி எதையும் எழுதாதே. திரும்பி வா என்றும் கேட்காதே. அதை அவள் முடிவு செய்யட்டும். நானும் அவளுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இத்துடன் ஆறு புத்தகம். எந்த வடிகட்டலும் இல்லை. அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், யானையும் இருக்கிறது. சுண்டு தன் அம்மாவுக்கு ஒன்று அனுப்ப விரும்பினால் அவளே தேர்ந்தெடுக்கட்டும். நீ ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு சும்மா இரு.

அக்கா

*

ஜூன் 28

அத்தைக்கு

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருகீங்கலா. மாமா முட்டி நல்லா இருகா.

அம்மாக்கு புத்தகம் அனுப்பிடேன். ஆறு புத்தகமும் படிச்சு பாத்தேன். ஒன்னுல முயல் அழுது. அது வேனாம். ஒன்னுல எழுத்து சின்னது. அம்மாக்கு ஒடம்பு சரி இல்ல கண்ணு வலிக்கும். ஒன்னுல எல்லாரும் ரொம்ப சிரிகிறாங்க. அதுவும் வேனாம். யானை தும்முர புத்தகம் வெச்சேன். அதுல யாரும் அழல. யானை மட்டும் தும்முது. எல்லாம் பறக்குது அப்பரம் எல்லாம் கீழ வருது.

உள்ள பென்சில்ல மெதுவா படிங்க னு எழுதினேன்.

அப்பா லெட்டர் எழுதினார். நாலு பேப்பர் கிழிச்சார். அஞ்சாவது பேப்பர் சின்னது.

சுண்டு

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீங்கள் எனக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பார்சல் வந்தபோது அவர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்துவிட்டேன். நாலு நாள் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் ஓரம் கிழிந்திருந்த இடத்தில் யானையின் காது தெரிந்தது. அதற்காகத்தான் பிரித்தேன். “மெதுவா படிங்க” என்று எழுதியிருந்தாள். இருபது பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. அதைப் படிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. அவர் கடிதம் இரண்டே வரி. நான் பயந்தது எதுவும் அதில் இல்லை.

ஒரு நாள் மட்டும் போய், நான் இன்னும் வரமுடியாது என்று சுண்டுவிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நான் இறங்கியபோது பஸ் நிலையத்தில் காத்திருந்த சுண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாக வாசித்தாள். “விசாரணை.” “குடிநீர்.” “இங்கே துப்பாதீர்.” கழிப்பறைக் கட்டணம்கூட வாசித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாலடி பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் என்னை உட்கார வைத்து, “இன்னிக்கு நீங்க படிங்க” என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். அம்மா, அப்பா, ஒரு சின்னப் பெண், தொட்டிலில் ஒரு பாப்பா. நான் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. நான் நின்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னால் முடிந்தபோது மறுபடியும் ஆரம்பித்தேன்.

முடித்த பிறகு, “நம்ம பாப்பாவுக்கு என்ன பேர் வெச்சிருப்பீங்க?” என்று கேட்டாள். அண்ணி, இத்தனை நாளில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் மறந்துவிடு என்றுதான் சொன்னார்கள். நான் மனதில் வைத்திருந்த பெயரைச் சொன்னேன். சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினாள். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அவர் கதவருகில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகவில்லை.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் இங்கேதான் இருக்கிறேன். சில நாள் சுமாராக இருக்கிறது, சில நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கிறேன், இவர் போட்ட லிஃப்டில்தான் ஏறிப் போகிறேன். இவரிடம் எனக்குக் கோபம் முழுக்கப் போகவில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இங்கேயே தங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில்

அண்ணி, மேலே உள்ள வரியை முடிக்க முடியவில்லை. இவ்வளவு நேரமும் சுண்டு என் முழங்கைப் பக்கம் நின்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். நீளமான வரி, அவளுக்கு எட்டாது என்று நினைத்தேன். “தங்…கி…வி…டு…வேன்” என்றாள். இன்னொரு தடவை விரல் வைத்துச் சரிபார்த்தாள். இப்போது அப்பாவிடம் சொல்லப் படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

இனி அடித்து எழுத முடியாது.

உங்கள் தம்பி மனைவி